இப்போதைக்கு

வீட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே இருபது அங்குலம்.
டெல்மருக்குத் தொப்பை; அதனால் நான்தான் போவது.
முழங்கை, முழங்கால், நெற்றியில் விளக்கு.
நியூபெர்னில் ஆகஸ்ட் மாதம்
காற்றுக்கே வியர்க்கும்.
ஈரம் வெளியேறட்டும் என்று சுவரில் விட்ட துளைகள்
ஆற்றின் ஈரத்தை அழைத்துவந்து
உட்கார வைத்திருக்கின்றன.

மரத்தைத் தொட வேண்டாம், நாற்றமே சொல்லிவிடும்.
ஆனாலும் ஈரமானியின் இரண்டு ஊசிகளைக் குத்துகிறேன்:
பதினெட்டு. இருபத்திரண்டு.
குளியலறைக்குக் கீழே முப்பத்தொன்று.
அங்கே திருப்புளி
வேகவைத்த கிழங்கில் இறங்குவதுபோல் இறங்குகிறது.
தொண்ணூறு வருஷத்து பைன் உத்திரம்,
வெளியே மரம், உள்ளே மாவு.

தலைக்கு மேல் திருமதி விட்ஃபோர்ட் நடக்கிறார்.
முகத்தைவிட அவர் நடைதான் எனக்குப் பழக்கம்.
சமையலறையிலிருந்து ஐந்து எட்டு,
கூடத்தில் ஒரு தயக்கம்,
பிறகு நீளமாக ஒன்று, வாய்க்கால் தாண்டுவதுபோல்.
அங்கேதான் தரை பள்ளம்.

பாம்புச் சட்டை. பூனையின் கழுத்துப்பட்டை, மணியோடு.
ஒரு தேக்கரண்டி, எப்படி வந்ததோ.
துணி உலர்த்தும் இயந்திரத்தின் குழாய் மூட்டு கழன்று
வெளியே ஊத வேண்டியதை இங்கேயே ஊதிக்கொண்டிருக்கிறது.
அவர்கள் உலர்த்திய ஒவ்வொரு துண்டின் ஈரமும்
இந்த உத்திரத்தில் வந்து ஏறியிருக்கிறது.

அதற்கும் அப்பால்,
இரண்டு செங்கல் தூண்களுக்கு நடுவே
ஒரு பழைய கார் ஜாக்கி.
அதன் தலையில் ஓக் கட்டை.
கட்டையில் தச்சுப் பென்சிலால் எழுதியிருந்தது:
இப்போதைக்கு. ஆர்.ஹெச். அக்டோபர் 61.

"டெல்மர், இங்க ஒரு ஜாக்கி நிக்குது."
"எத்தனை நாளா?"
"அறுபத்து மூணு வருஷமா."
வெளியே கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"அதைத் தொடாதே. முதல்ல நம்மோடதை முட்டுக்கொடு."

மண்ணைத் தோண்டி, கான்கிரீட் ஊற்றி,
இரும்புக் கால்களை நட்டு,
புது மரத்தைப் படுத்தவாக்கில் இழுத்து,
தாடியில் பூஞ்சை, பல்லில் மண் என்று
டெல்மரும் ஒருநாள் இடுப்புவரை நுழைந்து பார்த்தார்.
நாளுக்கு அரைக்கால் அங்குலம்தான் தூக்கலாம்.
ஒரு வீசம் கூடினாலும்
மேலே சுண்ணாம்புச் சுவர் வாய்பிளக்கும்.
திருகு. நிறுத்து. காதுகொடு.
நெடுநேரம் குந்தியிருந்த ஆள்
எழுந்திருக்கும்போது முனகுகிற மாதிரி
வீடு முனகும்.

நான்காம் நாள், நான் திருகிக்கொண்டிருக்கையிலேயே,
மேலே ஒரு கதவு தானாகப் போய்ச் சாத்திக்கொண்டது.
ஐந்து எட்டு, தயக்கம், தாண்டல்; பிறகு
காற்றுத் துளையில் அவர் முகம், தலைகீழாக.
"பதினோரு வருஷமா மூடாத கதவு அது."
நான் பெருமையாகச் சிரித்தேன்.
"அந்த ரூம் கதவு மூடாதுன்னு சொல்லித்தான்
என் நாத்தனார் ஒடெல்லாவை வரவிடாம வெச்சிருந்தேன்.
அரைக்கால் இறக்க முடியுமா?"

முடியாது என்றேன். போகும்போது
முணுமுணுத்தது எனக்கு முழுக்கக் கேட்கவில்லை.

கடைசியாக ஜாக்கி.
துரு கழன்று விழும் என்று நினைத்தேன்;
எண்ணெய் விட்டதும் இரண்டே சுற்றில் இறங்கியது,
சொல்லிவிட்டுப் போகக் காத்திருந்ததுபோல்.
உத்திரம் அசையவில்லை.
அது மட்டும் பக்கவாட்டில் சாய்ந்து
மண்ணில் படுத்தது.

வெள்ளை பாலித்தீன் விரித்து, ஓரங்களை ஒட்டி,
துளைகளை அடைத்து, குழாயை மாட்டி வெளியே விட்டோம்.
ஊசி இப்போது பதினாறு சொல்கிறது,
இன்னும் இறங்கும்.
ரசீதில் டெல்மர் 'நிரந்தரப் பழுதுநீக்கம்' என்று எழுதினார்,
ஓர் எழுத்து தப்பாக.
மேலே தரை மட்டமாகிவிட்டது.
குண்டூசி வைத்தாலும் உருளாது.
ஐந்து எட்டு, தயக்கம்.
அவர் இன்னும் தாண்டுகிறார்.

ஓக் கட்டையை நான் எடுத்துவந்தேன்.
எங்கள் வேனின் கைப்பிரேக் பிடிப்பதில்லை.
படகுத்துறைச் சரிவில் நிறுத்தினால்
பின்சக்கரத்துக்கு அதுதான்.